வடசென்னையில் ஒரு மார்மன் மிஷனரியின் வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோயம்புத்தூர்ப் பெண். மிஷனரி ஊழியத்தின் பெரும்பகுதி எனக்குப் பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையிலேயே கழிந்தது. ஊழியத்துக்குப் போக யோசிக்கும் தங்கைகள், அவர்களைவிட அதிகமாக யோசிக்கும் அம்மாக்கள், அப்புறம் ‘அந்த பேட்ஜ் போட்ட பிள்ளைங்க யாரு?’ என்று கேட்கும் அக்கம்பக்கத்தார். இந்த மூன்று தரப்பும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. சபையின் அதிகாரபூர்வ அறிவிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்மன் என்றால் யார்? பெந்தெகொஸ்தேவா, ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?

மூன்றும் இல்லை. யெகோவா சாட்சிகளும் இல்லை. முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாகக் கொள்வதால் ஊரார் வைத்த பெயர்தான் மார்மன். 2018-லிருந்து சபைத் தலைமை அந்தப் பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரையே சொல்லச் சொல்கிறது. முழுப்பெயரைச் சொன்னால் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் இறங்கும் இடமே வந்துவிடும் என்பதால் இங்கே சுருக்கமாகவே எழுதுகிறேன்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் ஒன்றானவர்கள் என்பது எங்கள் நம்பிக்கை. திரித்துவத்தை மற்ற சபைகள் புரிந்துகொள்வது இப்படி அல்ல. அதனால் பலர் எங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே ஏற்பதில்லை. தெருவுக்குத் தெரு ஜெபவீடு இருக்கும் வடசென்னையில் இந்த வாக்குவாதம் வந்தே தீரும். வியாசர்பாடியில் ஒரு பாஸ்டரம்மா எங்களை நிறுத்தி வைத்து நன்றாகக் கண்டித்தார். முடித்ததும், “வெயில்ல போவாதீங்கம்மா, மோர் குடிச்சிட்டு போங்க” என்றார். குடித்தோம். நல்ல மோர்.

இது புதிதாக வந்திறங்கிய சபைதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 1853-லேயே ரிச்சர்ட் பேலன்டைன் என்ற மிஷனரி கப்பலில் மதராஸுக்கு வந்திருக்கிறார். மறுவருடம் இங்கிருந்தே ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தியிருக்கிறார். பெரிதாக யாரும் சேரவில்லை. அந்த முயற்சி அத்தோடு நின்றது. இந்தியாவில் சபை வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன், அதாவது மிஷனரிகள் ஊழியம் செய்யும் வட்டாரம், 1993-ல் வந்தது. பெங்களூரில் கோவில் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

திங்கட்கிழமையிலிருந்து சொல்கிறேன், எங்களுக்கு வாரம் அங்கேதான் மூச்சு விடும். அன்று ஆயத்த நாள். மிஷனரிகள் வாயில் அது பி-டே. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, வீட்டுக்குப் பேசுவது, எங்கள் மிஷனுக்குத் தலைவரான மிஷன் பிரசிடென்டுக்கு வாரக் கடிதம் எழுதுவது எல்லாம் அன்றுதான். துணி துவைப்பது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். மெட்ரோ வாட்டர் வரும் நேரம் தெரிந்தால்தான் அது நடக்கும். மீதி நேரத்தில் எம்.சி. ரோட்டுக்குப் போய் ஒரு துப்பட்டாவுக்கு நாலு கடை ஏறி இறங்கலாம். வியாசர்பாடியில் பையன்கள் ஃபுட்பால் ஆடுவதைப் பார்க்கலாம், அங்கே அது விளையாட்டைவிடப் பெரிய விஷயம். சாயங்காலம் மறுபடி பேட்ஜ் குத்திக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மற்ற நாட்களில் காலை 6.30 சுமாருக்கு எழுந்திருப்பது, உடற்பயிற்சி, ஜெபம், தனியாக வேதப் படிப்பு, அப்புறம் கம்பேனியனோடு, அதாவது எப்போதும் கூடவே இருக்கும் ஜோடி மிஷனரியோடு, சேர்ந்து படிப்பு. அதன்பின் வெளியே. இரவு 10.30-க்கு விளக்கணைக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் அக்கம்பக்கத்துப் பகுதி மிஷனரிகள் கூடிப் பேசுவார்கள். இன்னொரு நாள் உட்கார்ந்து அடுத்த வாரத்தைத் திட்டமிடுவோம். முடிந்தபோதெல்லாம் யாருக்காவது கைவேலை செய்து கொடுப்போம். வீடு மாறுபவருக்குச் சாமான் தூக்குவதும் அதில் சேர்த்தி, பத்தாவது பரீட்சைக்குப் பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதும் சேர்த்தி.

ஞாயிறு ஆராதனை 2 மணி நேரம். 2019-க்கு முன் 3 மணி நேரமாக இருந்தது. அப்பமும் தண்ணீரும்தான் திருவிருந்து. திராட்சரசம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளைச் சாப்பாடு இல்லை, முடிந்தவர்கள் தண்ணீரும் குடிப்பதில்லை. மிச்சமாகும் பணம் ஏழைகளுக்கு. அக்னி நட்சத்திரத்தில் வரும் உபவாச ஞாயிறைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

டீகூடக் குடிக்க மாட்டீர்களாமே?

மாட்டோம். 1833-ல் ஜோசப் ஸ்மித் வழியாக வந்ததாக நாங்கள் நம்பும் ‘ஞான வார்த்தை’ என்ற கட்டளை மது, புகையிலை, டீ, காபி நான்கையும் விலக்கச் சொல்கிறது. முதல் இரண்டும் யாருக்கும் பிரச்சினை இல்லை, பாராட்டுவார்கள். டீயில்தான் சிக்கல். வடசென்னையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நீங்கள் உட்காருவதற்குள் சின்னப் பையன் தூக்குவாளியோடு டீக்கடைக்கு ஓடியிருப்பான். வந்த டீயை வேண்டாம் என்றால் ‘எங்க வீட்டுல குடிக்க மாட்டியா?’ என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பின்னால் இந்த ஊரில் நீண்ட வரலாறு இருக்கிறது. யார் வீட்டில் யார் கை நனைப்பது என்பது இங்கே சாதாரண விஷயம் அல்ல.

அதனால் நான் கண்ட வழி இது: வாசலிலேயே, யாரும் ஓடுவதற்குள், “அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்று நாமே கேட்டு வாங்கிக் குடித்துவிட வேண்டும். சோறு போட்டால் சாப்பிட வேண்டும். தண்ணீரும் சோறும் உள்ளே போனபின் டீ வேண்டாம் என்றால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ரோஸ் மில்க், பாதாம் பால், பன்னீர் சோடா எல்லாம் தாராளமாகக் குடிக்கலாம். சுக்குக் காபியில் காபித்தூள் போடாவிட்டால் அது காபியே இல்லை என்பது என் கட்சி. என் கம்பேனியன் ஒருத்தி அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

பேட்ஜில் ஏன் அப்பா பெயர்?

மிஷனரிகளைக் குடும்பப் பெயரால் அழைப்பது வழக்கம்: ஆண்கள் எல்டர் இன்னார், பெண்கள் சிஸ்டர் இன்னார். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பா பெயர் பேட்ஜில் ஏறிவிடும். என் அப்பாவுக்கு முருகன் பெயர். அவர் சபைக்கு வந்தவரும் அல்ல, அம்மாவும் நானும்தான். ஆக, இயேசு கிறிஸ்துவின் பெயருக்கு மேலே முருகன் பெயரைக் குத்திக்கொண்டு ஒன்றரை வருடம் நடந்தேன். திருவொற்றியூரில் ஒரு தாத்தா அதைப் படித்துவிட்டு, “ரெண்டு பேரும் சேர்ந்து வந்துட்டாங்களா!” என்று சிரித்தார். அப்பாவிடம் போனில் சொன்னேன். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் என் ஊழிய விஷயத்தில் நான் பார்த்ததில்லை.

எப்போதும் இரண்டு பேராகவே இருக்க வேண்டுமா? சலிக்காதா?

இதைத்தான் எல்லோரும் கடைசியாகக் கேட்கிறார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆம், எப்போதும். குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கம்பேனியன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யாரோடு என்பதை மிஷன் பிரசிடென்ட் முடிவு செய்வார், நாம் அல்ல. சுமார் 6 வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் செய்தி வரும். அதில் ஜோடி மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம்.

எனக்கு வந்த கம்பேனியன்களில் அதிகம் பேர் தெலுங்குப் பெண்கள், விசாகப்பட்டினம் பக்கம். வடசென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய என்பதால் சில வீடுகளில் அவர்கள் பேசுவார்கள், நான் தலையாட்டுவேன். மற்ற வீடுகளில் தலைகீழ். ஊழியம் அப்படி எளிதாக ஓடிவிடும். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கஷ்டம். ஒருத்திக்கு ஃபேன் ஐந்தில் வேண்டும், ஒருத்திக்கு இரண்டில். ஒருத்தி குழம்பில் கோங்கூராவைப் போடுவாள், ஒருத்தி எதிலும் புளி கூடாது என்பாள். ஒருத்தி ஜெபத்தில் ஊரிலுள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கேட்பாள், முழங்கால் மரத்துப்போகும். வேலை இடத்தில் இப்படி ஒருவர் இருந்தால் ஆறு மணிக்குத் தப்பித்துவிடலாம். இங்கே ஆறு மணிக்கு அவளோடு சேர்ந்துதான் இரவுச் சமையல்.

வாரத் திட்டத்தின் கடைசியில் ஒரு வேலை உண்டு. இரண்டு பேரும் ஜெபம் செய்துவிட்டு, ‘என்னிடம் உனக்கு என்ன குறை?’ என்று மாறி மாறிக் கேட்க வேண்டும். முதலில் எதில் உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்புறம் குறை. படிக்கும்போது எளிதாக இருக்கும். நம் வீடுகளில் இப்படி ஒரு பழக்கமே கிடையாது. கோபம் வந்தால் கத்துவோம், இல்லையென்றால் பேச மாட்டோம், நாலு நாள் கழித்து ‘சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்’ என்பதோடு சண்டை முடிந்ததாக அர்த்தம். நிதானமாக உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, “தண்ணீர் வரும் விடியற்காலையில் நீ ஒருநாளும் எழுந்ததில்லை, எல்லாக் குடத்தையும் நானே தூக்குகிறேன், எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது” என்று சொல்வதற்கு நான் மூன்று வாரத் திட்டங்களைத் தள்ளிப்போட்டேன். சொன்னேன். அவள் எதுவும் பேசவில்லை. மறுநாள் நான் எழுந்தபோது குழாயடியில் அவள் நின்றிருந்தாள். அவளுக்கும் என்னைப் பற்றிச் சொல்ல இருந்தது. அது இங்கே வேண்டாம்.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று மேடையில் பேசும்போது தரிசனம், கண்ணீர், அற்புதம் என்றுதான் பேச்சு போகும். எனக்கு அது பெரும்பாலும் இந்தக் குறை கேட்கும் நேரத்தில்தான் நடந்தது. வேதத்தில் மன்னிப்பைப் பற்றிப் படித்துவிட்டு உடனே பக்கத்தில் இருப்பவளை மன்னிக்க வேண்டியிருந்தால் அந்த வசனம் வேறு மாதிரித் தெரியும்.

வீடு வீடாகக் கதவைத் தட்டி மதம் மாற்றுவீர்களா?

நாங்கள் தட்டவில்லை. சபை உறுப்பினர்கள் தங்கள் உறவினரையோ நண்பரையோ அறிமுகப்படுத்துவார்கள், அவர்கள் வரச்சொன்னால் போவோம். விருப்பமான மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் 2002-ல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, அரிசி மூட்டையையும் ஞானஸ்நானத்தையும் ஒரே பேச்சில் எடுக்கவே கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். திருமணமானவர் என்றால் துணையின் சம்மதமும் வேண்டும்.

ஒன்றைப் பெண்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் சபையில் ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், ஆண்களுக்கு மட்டும். மாதக்கணக்காகப் போதித்தது நீங்களாக இருந்தாலும் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுப்பது ஓர் ஆண்தான். சிலருக்கு அது உறுத்துவதே இல்லை. எனக்கு உறுத்தியது. அதையும் ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் என்னவாகும்?

இதைக் கேட்காதவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். 1950-ஆம் வருட ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் அதில் இல்லை. எஸ்.சி. பிரிவிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார்கள். கல்லூரி சேர்க்கை, ஸ்காலர்ஷிப், வேலை எல்லாவற்றையும் தொடும் விஷயம் இது. பிள்ளை பிளஸ் டூ படிக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் நித்திய ஜீவனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவது நேர்மையில்லை. தெரிந்த வக்கீலையோ தாலுகா அலுவலகத்தையோ கேட்டுவிட்டு நிதானமாக முடிவெடுக்கச் சொல்லுங்கள். அதனால் ஒரு குடும்பம் விலகிப்போனால் போகட்டும்.

நாலைந்து கல்யாணம் பண்ணிக்கொள்வார்களாமே?

ஒரு காலத்தில் செய்தார்கள். 1890-ல் சபை அதை நிறுத்துவதாக அறிவித்தது. இப்போது செய்தால் சபையை விட்டு நீக்குவார்கள். இந்தக் கேள்வியை எப்போதும் மாமாக்கள்தான் கேட்கிறார்கள்.

சம்பளம் எவ்வளவு?

ஒன்றும் இல்லை. நாம்தான் கட்ட வேண்டும். சேமிப்பு, குடும்பம், போதாவிட்டால் சபையின் மிஷனரி நிதி என்று சேர்த்துச் சமாளிப்பார்கள். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மாதம் ஒரு தொகை வரும், மாதக் கடைசியில் ரசம் சாதம்தான். எங்கள் ஊர்க் கிளைத் தலைவர்களுக்கும் சம்பளம் கிடையாது, அவர்களும் வேலைக்குப் போய்க்கொண்டே சபையைப் பார்ப்பவர்கள்.

வயசுப் பெண்ணை வடசென்னைக்கு எப்படி அனுப்புவது?

சினிமா பார்த்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி இது என்று நினைக்கிறேன். பெண்களுக்கு ஊழியம் 18 மாதம், ஆண்களுக்கு 24. 2012-க்கு முன் பெண்கள் 21 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் அனுபவத்தில் வடசென்னைத் தெருக்கள் பெண்களை நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன, ஏனென்றால் அங்கே எல்லோரும் வாசலில்தான் இருக்கிறார்கள். இரண்டாவது வாரமே தெருவில் இருக்கும் ஆயாக்களுக்கு நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தெரிந்துவிடும். கொஞ்சம் தாமதமானால், “இன்னாம்மா இவ்ளோ நேரம்?” என்று மிஷன் பிரசிடென்டுக்கு முன்னால் அவர்கள் கேட்பார்கள். ரௌடிக்குப் பயப்படுவதைவிட மழைக்குப் பயப்படுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்குப் போவதே பெரும்பாடு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்று பொறுமை வரும். காற்று திரும்பினால் மணலித் தொழிற்சாலைகளின் வாடை வீட்டுக்குள் வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் விண்ணப்பத்திலேயே அதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

வீட்டோடு பேசவே முடியாதா?

முடியும். 2019 பிப்ரவரிக்கு முன் வருடத்துக்கு இரண்டு தடவைதான் போன், மற்றபடி இமெயில். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த அரைமணி நேரத்தில் சொந்தக்காரச் சண்டையெல்லாம் கொட்டாதீர்கள். என் அப்பா ஒவ்வொரு வாரமும், “சாப்ட்டியா கண்ணு? அங்க வெயில் எப்படி இருக்குது?” என்ற இரண்டையும் கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உண்மையிலேயே உள்ளுக்குள் என்ன மாறியது?

ஞாயிறு இரவு நாங்கள் எண்ணிக்கை அனுப்ப வேண்டும். புதிதாக எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி குறித்தோம் என்று. முதல் மாதங்களில் அந்த எண்ணிக்கைதான் என் மனநிலை. பூஜ்யம் வந்தால் தூக்கம் போய்விடும்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு ஆயா இருந்தார். சபை உறுப்பினர் ஒருவருக்குப் பக்கத்து வீடு. அவருக்கு எங்கள் போதனையில் துளியும் ஆர்வமில்லை, நேராகவே சொல்லிவிட்டார். ஆனால் குடிக்கு அடிமையான பேரனுக்காக ஜெபம் செய்துவிட்டுப் போகச் சொல்வார். வாரா வாரம் அந்தப் பக்கம் போகும்போது கூடையை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். நாங்கள் ஜெபிப்போம். முடிந்ததும், “சரி, போய் வாங்க” என்பார். அவ்வளவுதான். சபைக்கு வரவே இல்லை, பேரனும் திருந்தவில்லை. எண்ணிக்கைத் தாளில் அவருக்கு எந்தக் கட்டமும் இல்லை.

கொஞ்ச நாளில் என் வாரத்தில் நான் எதிர்பார்த்துப் போகும் இடம் அதுவாகிவிட்டது. அங்கே எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. ‘பரலோகப் பிதாவே’ என்று ஆரம்பித்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நான், அந்த வாசலில்தான் ஒருவருக்காகக் கேட்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். பேரனின் பெயர், அவன் வேலைக்குப் போன நாள், போகாத நாள், அவன் அம்மா எப்போது அழுதார் என்று குறிப்பாக. அதன்பின் தனியாக முழங்காலில் இருக்கும்போதும் ஜெபம் சின்னதாகவும் குறிப்பாகவும் ஆயிற்று. ஊழியம் முடிந்தும் அது அப்படியே இருக்கிறது. எண்ணிக்கையை அப்புறமும் அனுப்பினேன், வேலை அது. தூக்கம் மட்டும் போகவில்லை.

ஜெபித்தும் ஒன்றும் தோன்றாவிட்டால்?

மார்மன் புத்தகத்தின் கடைசி நூலான மரோனியின் 10-ஆம் அதிகாரத்தில், இது உண்மையா என்று தேவனிடம் கேட்டால் பரிசுத்த ஆவியால் தெரியவரும் என்று ஒரு வாக்குத்தத்தம் உண்டு. நாங்கள் எல்லோரிடமும் வாசித்துக் காட்டும் பகுதி. அதைக் கேட்டுவிட்டு, நெஞ்சு சூடாக வேண்டும், மயிர்க்கூச்செறிய வேண்டும் என்று பலர் காத்திருப்பார்கள். சிலருக்கு அப்படி நடப்பதாகச் சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. எனக்கு வந்ததெல்லாம் ஓர் அமைதி, அதுவும் எப்போதாவது. வராத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் சாட்சி சொல்ல, அதாவது சபை முன் எழுந்து நம்பிக்கையைச் சொல்ல, கூப்பிட்டால், ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லாமல் ‘நான் நம்புகிறேன்’ என்று சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பாதியில் திரும்பி வந்தால் அவமானமா?

இல்லை. உடம்பு முடியாமலும் மனம் முடியாமலும் திரும்பியவர்கள் நிறைய. அப்படி வந்த பிள்ளையிடம் சபையில் யாராவது, ‘என்னாச்சு, ஏன் வந்துட்டே?’ என்று நடு ஹாலில் கேட்டால் பெற்றோர் குறுக்கே நின்று, ‘சாப்பிட வாங்க’ என்று பேச்சை மாற்றுங்கள்.

போகும்போது என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்?

பட்டியல் அவர்களே அனுப்புவார்கள். அதில் இல்லாதவை: பருத்திச் சுடிதார்கள், அவர்கள் சொல்வதைவிட இரண்டு அதிகமாக, ஏனென்றால் அங்கே மதியத்துக்கே மாற்ற வேண்டியிருக்கும். சேற்றில் மாட்டினாலும் கழன்று போகாத செருப்பு. மூடியுள்ள இரண்டு குடம், இதை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். பையன்களாக இருந்தால் டை மூன்று போதும், எத்தனை கட்டினாலும் மெடிக்கல் ரெப்பா என்றுதான் கேட்பார்கள். கல்லூரியில் அரியர் இருந்தால் எழுதி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் பருப்புப் பொடி.